தாய்வழிக் குடியும் பெண்டிர் தலைமையும்

கல்முனைக்கு வடக்கே, கீழ்த்திசையிற் கடலும் மேற்றிசையில் வாவியும் வயலுமாக அமைந்த ஒடுங்கிய நிலப்பரப்பிலே பெரியநீலாவணை என்னும் ஊர் உள்ளது. கவிஞர் நீலாவணன் தம் புனைபெயரைப் பெற்றது இவ்வூரிலிருந்தே. இதன் தெற்கே நெசவுக்குப் பேர்பெற்ற மருதமுனையும், திரௌபதையம்மன் கோயிலாற் புகழ்பெற்ற பாண்டிருப்பும் அடுத்தடுத்து அமைந்துள்ளன. தமிழரும் முஸ்லிம்களும் ஒருவரையொருவர் ஒட்டி வாழும் இக்கரையோரத்திலே, இரு சாராருக்கும் பொதுவான பழைய வழக்கம் ஒன்றுண்டு. கலியாணப் பேச்சு எழுந்தால், மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் என்ன குடி என்பதே முதலில் ஆராயப்படும். ஒரே குடியினர் தம்முள் மணம் செய்தல் ஆகாது. அக்குடியோ தந்தையைப் பற்றி வருவதன்று. தாயைப் பற்றி வருவது. தாயின் குடியே மகனின் குடி, மகளின் குடி. ஆயின் மகன் தன் குடியைத் தன் பிள்ளைகளுக்குக் கொடுக்க இயலாது. மகளே அதனை அடுத்த தலைமுறைக்குக் கொண்டு செல்பவள்.

ஒரு குடிக்குள்ளே ஒரு மூதாட்டியிலிருந்து கிளைத்த வழியை 'வயிற்றுவார்' என்று இப்பகுதியார் வழங்குவர். இச்சொல்லே வழக்கத்தின் அடிப்படையைத் தெளிவாகக் காட்டிவிடுகிறது. முக்குவர் குலத்தினரிடையே உலகிப்போடி குடி, காலிங்கா குடி, படையாண்ட குடி, பணிக்கனார் குடி முதலிய குடிகள் பெயர்பெற்றவை. இப்பெயர்களுட் பல ஆண்மக்களின் பெயரையோ பட்டத்தையோ தாங்கி நிற்பினும், அக்குடிகளிற் பிறப்புரிமை பெறுவது பெண்வழியாக மட்டுமே என்பது நோக்கத்தக்கது.

இவ்வழக்கம் எங்கிருந்து வந்தது என்பது குறித்து ஆராய்ச்சியாளர் மலையாளக் கரையையே பெரும்பாலும் சுட்டுவர். அங்கே மருமக்கட்டாயம் எனப்படும் தாய்வழி உரிமை நெடுங்காலம் நிலைபெற்றிருந்தது. மட்டக்களப்பு முக்குவரின் வழக்கங்களுக்கும் அதற்குமுள்ள ஒற்றுமை வெளிப்படையானது. முஸ்லிம்களிடையே குடிமுறை பரவியமைக்கு இரு சமூகத்தாரும் சொல்லிவரும் கதை ஒன்றுண்டு. முக்குவருக்கும் திமிலருக்கும் போர் நிகழ்ந்தபோது முஸ்லிம் வணிகர் முக்குவருக்குத் துணைநின்றனர் என்றும், அதற்குக் கைம்மாறாக முக்குவப் பெண்களை மணந்து இங்கே நிலைத்தனர் என்றும் அக்கதை கூறும். பின்னர், 1626 ஆம் ஆண்டில் போர்த்துக்கேயர் தம் ஆட்சிப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, கண்டி அரசன் செனரத் ஏறத்தாழ 4,000 பேரைக் கீழ்க்கரையிற் குடியமர்த்தினான். வந்தவர் ஆடவராயினும் அந்நியராயினும், மணந்த பெண்ணின் ஊரே அவர் ஊராயிற்று. அவள் குடியே பிள்ளைகளின் குடியாயிற்று.

மட்டக்களப்பின் பழங்கதைகளிலே அரசியர் இருவரின் பெயர் விளங்குகின்றது. வித்துவான் எப். எக்ஸ். சி. நடராசா அவர்கள் 1962 ஆம் ஆண்டிற் பதிப்பித்த 'மட்டக்களப்பு மான்மியம்' என்னும் நூல் அக்கதைகளைத் தொகுத்துத் தருகின்றது. கலிங்க நாட்டரசன் மகளாகிய உலகநாச்சி, புத்தரின் தந்தத்தைக் கூந்தலில் மறைத்துக்கொண்டு இலங்கைக்கு வந்தாள் என்றும், அதனைப் பெற்ற அரசன் அவளுக்கு அளித்த நிலமே மண்முனை என்றும், அங்கே அவள் குடிகளை வரவழைத்து ஆண்டாள் என்றும் மரபு கூறும். மற்றையவள் ஆடக சவுந்தரி. திருகோணமலைப் பகுதி மரபில் அவள் குளக்கோட்டனை மணந்த அரசியாகக் கூறப்படுகிறாள். இவற்றை வரலாறாக அப்படியே கொள்ளுதல் இயலாது. தந்ததாதுவைக் கொண்டுவந்த பெண்ணைப் பற்றிய செய்தி பாளி நூல்களிலும் உண்டு. அங்கே அவள் பெயர் ஏமமாலை. எனினும், ஒரு நாட்டு மக்கள் தம் மண்ணின் தொடக்கத்தை ஒரு பெண்ணின் வருகையோடு இணைத்துச் சொல்வது பொருளற்றதன்று. நிலம் பெண்ணுக்கு அளிக்கப்பட்டது, குடிகள் பெண்ணாற் குடியேற்றப்பட்டன என்னும் கதை, நிலமும் குடியும் பெண்வழி வரும் சமூகத்திலே வேரூன்றியதில் வியப்பில்லை.

இனி, இவ்வழக்கம் பெண்களுக்கு உண்மையில் தலைமையைத் தந்ததா என்பதே ஆராயவேண்டிய வினா.

முக்குவர் சட்டத்தின்படி ஆதனம் இருவகைப்பட்டது. முன்னோர்வழி வந்தது முதுசம். ஒருவன் தன் உழைப்பால் ஈட்டியது தேட்டம். தேட்டம் அவனுடைய மனைவி மக்களைச் சாரும். முதுசமோ அவனுடைய சகோதரியின் பிள்ளைகளைச் சாரும். ஆகவே வயல் பெண்வழியே இறங்கியது. ஆயினும் அதனை மேற்பார்த்தவர் தாய்மாமனும் அவனுக்குப்பின் மருமகனுமே. வன்னிமை, போடியார் முதலிய பதவிகளை வகித்தோரும் ஆடவரே. கோயில்களிலே குடியின் சார்பில் நின்று திருவிழாவை நடத்தும் வண்ணக்கர் ஆடவர். பள்ளிவாசலிலே ஒவ்வொரு குடிக்கும் பிரதிநிதியாக விளங்கிய மரைக்கார் ஆடவர். வண்ணக்கரோ மரைக்காரோ அப்பதவிக்கு உரியராவது தாயின் குடியால். தந்தை மரைக்காராயிருந்தால் மகன் மரைக்காராக முடியாது. சகோதரியின் மகனே அதற்கு உரியவன். ஆகவே, பதவிக்கு வழியமைத்தவள் பெண். பதவியில் அமர்ந்தவன் ஆண்.

இந்நிலையை நன்கு விளங்கிக்கொள்ள, நெடுந்தொலைவிலுள்ள வேறொரு சமூகத்தோடு ஒப்பிடுதல் பயன்தரும். மேற்கு ஆபிரிக்காவில், இன்றைய நைஜீரியாவின் தென்மேற்கே வாழும் யொரூபா மக்களிடையே குலம் பெரும்பாலும் தந்தைவழிப்பட்டது. ஆயினும் அங்குள்ள நகரங்களிலே பெண்களுக்கெனத் தனியான உயர்பதவி இருந்தது. 'ஈயலோடே' என்னும் பட்டம் பெற்றவள் நகரப் பெண்கள் அனைவருக்கும் தலைவி. அரசவையில் ஆடவர் தலைவர்களோடு அமர்ந்து பேசும் உரிமை அவளுக்குண்டு. அது பிறப்பால் வருவதன்று. செல்வம், ஆற்றல், மக்கட்செல்வாக்கு ஆகியவற்றால் வருவது. இபாதான் நகரில் எவுன்செத்தான் என்னும் பெருவணிகப் பெண் அப்பதவியை வகித்தாள்; ஆடவர் தலைவனொருவனோடு ஏற்பட்ட பகையினால் 1874 ஆம் ஆண்டிற் கொல்லப்பட்டாள். அபெயோகுட்டா நகரில் தினுபு அம்மையார் அப்பட்டம் பெற்று, 1887 ஆம் ஆண்டில் மறையும்வரை செல்வாக்கோடு வாழ்ந்தார்.

இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் உண்மை தெளிவாகும். யொரூபா நாட்டிலே குலம் தந்தைவழி. எனினும் அவையிலே பெண்ணுக்கு ஆசனம் இருந்தது. மட்டக்களப்புக் கரையிலே குலம் தாய்வழி. எனினும் அவையிலே பெண்ணுக்கு ஆசனம் இல்லை. ஆகவே தாய்வழி உரிமை உள்ள இடத்தில் பெண்ணாட்சி தானே வந்துவிடும் என்று எண்ணுதல் தவறு. இரண்டும் ஒருங்கே அமைந்த இடமும் உண்டு. மலையாளக் கரையிலே கண்ணனூரை ஆண்ட அறக்கல் முஸ்லிம் அரச குடும்பத்தில், ஆணாயினும் பெண்ணாயினும் மூத்தவரே ஆட்சிக்குரியவர். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலக் கம்பனியை எதிர்கொண்டவர் ஓர் அறக்கல் பீவியே.

எனினும் அவையின் ஆசனம் ஒன்றே தலைமையன்று. கீழ்க்கரைப் பெண்ணின் வலிமை அவையில் அன்று, வீட்டிலேதான் இருந்தது. இங்கே மணமகன் பெண்ணின் வீட்டுக்கு வந்து வாழ்கிறான். தமிழ்நாட்டில் 'வீட்டோடு மாப்பிள்ளை' என்பது ஏளனச் சொல். இக்கரையிலோ அதுவே ஊரின் இயல்பான முறை. மூத்த மகளுக்கு மணம் முடிந்ததும், பெற்றோர் தாம் வாழ்ந்த வீட்டை அவளுக்குக் கொடுத்துவிட்டு, அதே வளவில் அல்லது அருகில் வேறொரு வீடு கட்டி இளைய பெண்களோடு அங்கே செல்வர். இவ்வாறு தாய், பெண்மக்கள், தாயின் சகோதரிகள் ஆகியோரின் வீடுகள் ஒரு தெருவில் நெருங்கி அமைகின்றன. அம்மம்மா என்று தமிழரும், மூத்தம்மா என்று முஸ்லிம்களும் அழைக்கும் தாய்வழிப் பாட்டியின் சொல்லுக்கு அத்தெருவில் மதிப்பு மிகுதி. வெளியிலிருந்து வந்தவன் மருமகன்; வீடு மகளுடையது. கணவன் பிரிந்து போனாலும் இறந்து போனாலும் பெண் வீடிழப்பதில்லை. இப்பாதுகாப்பு எத்தகையது என்பதை, கணவன் வீட்டிலே குடியிருந்து, கைம்பெண்ணான பின்னர் அங்கிருந்து வெளியேற நேர்ந்த பிற நாட்டுப் பெண்களின் நிலையோடு ஒப்பிட்டு அறியலாம்.

முஸ்லிம்கள் இவ்வழக்கத்தை மார்க்க விதிகளோடு எவ்வாறு பொருத்தினர் என்பதும் அறியத்தக்கது. இஸ்லாமிய வாரிசு விதிப்படி மகனுக்கு இரு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு. ஆனால் அவ்விதி ஒருவர் இறந்தபின் எஞ்சும் சொத்துக்கே உரியது. உயிரோடிருக்கும்போதே வீட்டையும் வயலையும் மகளின் பெயருக்கு நன்கொடை உறுதி முடித்துக் கொடுப்பதை மார்க்கம் தடைசெய்வதில்லை. ஆகவே கலியாணத்தின்போதே பெரும்பகுதிச் சொத்து மகள்மார்க்குச் சென்றது.

இவ்வுரிமையை அசைத்தது அயலவர் ஆட்சியின் ஏடு. 1876 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கத் திருமண உரிமை, மரபுரிமைக் கட்டளைச் சட்டம், கண்டியச் சிங்களவர், முஸ்லிம்கள், தேசவழமைக்கு உட்பட்ட தமிழர் ஆகியோரை விலக்கி, ஏனையோர் அனைவருக்கும் ஒரே விதியை வகுத்தது. அதனோடு முக்குவர் சட்டம் செல்லாதொழிந்தது. அச்சட்டத்தைக் கிறிஸ்தோப்பர் பிரித்தோ ஆங்கிலத்தில் நூலாக்கியதும் அதே 1876 ஆம் ஆண்டிலேயே ஆகும். புதிய விதி மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு தந்தமை நன்றே. ஆயினும், மணமான பெண் தன் அசையா ஆதனத்தை விற்கவோ கொடுக்கவோ விரும்பினாற் கணவனின் எழுத்துமூலமான சம்மதத்தைப் பெறவேண்டும் என்றும் அது விதித்தது. முதுசத்தைத் தன் வயிற்றுவாரின் உரிமையாகக் கண்டிருந்த பெண்ணுக்கு, வெளியிலிருந்து வந்த கணவனின் கையொப்பம் இப்போது தேவையாயிற்று. மணமான பெண்களின் ஆதனம் பற்றிய 1923 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் வந்த பின்னரே அத்தடை நீங்கியது.

சட்டம் மாறிய பின்பும் மக்கள் வழக்கத்தைக் கைவிடவில்லை. அதன் உருவத்தை மாற்றினர். மருமகனுக்குச் சென்றிருக்கக்கூடிய முதுசம், மகளுக்குச் சீதனமாகச் செல்லத் தொடங்கிற்று. தாய்மாமனின் மேற்பார்வை குறைந்தது. வீடும் வயலும் பெண்ணின் பெயரிலேயே எழுதப்பட்டன. அரசாங்கம் ஒழித்துவிட்டதாக எண்ணிய பெண்வழி உரிமை, நொத்தாரிசின் உறுதியிலே மீண்டும் உயிர்பெற்றது.

ஆயினும் அரசாங்க ஏடுகள் மேலும் இருமுறை இவ்வழக்கத்தோடு மோதின. முதலாவது, 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம். அரச காணி பெற்றவர் இறந்தால் அது யாரைச் சாரும் என்னும் அட்டவணையில், மகளுக்கு முன் மகனுக்கே அச்சட்டம் இடமளித்தது. 1949 ஆம் ஆண்டிற் கல்லோயாத் திட்டம் தொடங்கியபின், இம்மாவட்டத்தின் உட்பகுதியிற் பல்லாயிரம் ஏக்கர் புதிய வயல்நிலம் உருவாயிற்று. முதுசக் காணி மகளுக்கு, அரச காணி மகனுக்கு என்னும் முரண்பட்ட இரு முறைகள் ஒரே மாவட்டத்தில் நிலவலாயின. ஆண்மக்களுக்கு முன்னுரிமை தந்த அவ்வட்டவணை திருத்தப்பட்டது 2022 ஆம் ஆண்டிலேதான்.

இரண்டாவது மோதல் பெருந்துயரின் பின்னர் நேர்ந்தது. 2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கரையை அழித்தது. அம்பாறை மாவட்டத்தில் மாத்திரம் 10,000 இற்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு, சாய்ந்தமருது என ஊர் ஊராகக் கடலோரத் தெருக்கள் அழிந்தன. அழிந்தவற்றுட் பெரும்பாலானவை பெண்களின் சீதன வீடுகள். கிழக்குக் கரையிற் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் மீண்டும் வீடு கட்டலாகாது என்று முதலில் விதிக்கப்பட்டமையால், பலர் வேறிடங்களிற் குடியமர நேர்ந்தது. அங்கே புதிய வீடு வழங்கப்பட்டபோது, விண்ணப்பப் படிவம் 'குடும்பத் தலைவர் யார்?' என்று வினவியது. அவ்விடத்திற் கணவனின் பெயரை எழுதுவதே அலுவலகங்களின் நடைமுறை. கடலோரத்திலே தன் பெயரில் வீடு வைத்திருந்த பெண், உள்நாட்டிற் கணவனின் வீட்டிற் குடியிருப்பவளானாள்.

இதனால் விளைந்த இடர் வெறும் எழுத்துப்பிழையன்று. தாயிடம் வீடில்லையாயின் மகளுக்கு எதைக் கொடுப்பது? மகளுக்கு வீடில்லையாயின் அவள் கலியாணம் எவ்வாறு நிறைவேறும்? மனைவியை இழந்து மறுமணம் செய்த ஆடவனின் பெயரில் வீடு இருக்குமாயின், இறந்த தாயின் பிள்ளைகளுக்கு அதில் என்ன உறுதி? இவ்வினாக்களை எழுப்பிய பெண்கள் அமைப்புகள், கணவன் மனைவி இருவர் பெயரிலும் உறுதி வழங்கப்பட வேண்டும் என்று கோரின. அரச காணிச் சட்டங்களிற் கூட்டுரிமைக்குத் தெளிவான இடமின்மை அதற்குத் தடையாக நின்றது.

ஈண்டு யொரூபா நாட்டின் வரலாற்றை மீண்டும் நினைவுகூர்தல் பொருந்தும். அங்கும் ஆங்கிலேய ஆட்சி ஊரார் வழக்கத்தை ஆராயாது, ஆடவர் தலைவர்களை மட்டுமே அதிகாரிகளாக ஏற்றது. ஈயலோடேயின் ஆசனம் பெயரளவில் எஞ்சியது. வரிவிதிக்கும் சபையிலே பெண்களுக்கு இடமில்லை. ஆனால் வரி மட்டும் பெண்களிடமும் அறவிடப்பட்டது. 1947 ஆம் ஆண்டில் அபெயோகுட்டா நகர்ப் பெண்கள், வுன்மிலாயோ ரான்சம் குட்டி அம்மையாரின் தலைமையில், சந்தைப் பெண்களும் கற்ற பெண்களுமாகத் திரண்டு எழுந்தனர். 1949 சனவரியில் அந்நகரத்து மன்னன் அரியணை துறக்க நேர்ந்தது. பெண்கள்மீதான தனி வரி நீங்கியது. சபையிலே பெண்களுக்கு ஆசனமும் கிடைத்தது. அங்கே பெண்கள் இழந்தது ஆசனம்; ஆதலின் அவர்கள் ஆசனத்தைக் கேட்டுப் போராடினர். கீழ்க்கரைப் பெண்கள் இழக்க நேர்ந்தது வீட்டின் உறுதி; ஆதலின் அவர்கள் அவ்வுறுதியைக் கேட்டனர். இரு நாட்டிலும் நிகழ்ந்தது ஒன்றே: ஊரார் அறிந்த பெண்ணின் தலைமையை அரசாங்கத்தின் ஏடு அறியவில்லை.

இவ்வழக்கத்தைப் புகழ்வோர் அதன் சுமையையும் மறத்தலாகாது. மகளுக்கு வீடின்றிக் கலியாணமில்லை என்னும் நிலை, ஏழைப் பெற்றோரைக் கடனில் ஆழ்த்துகின்றது. மூன்று பெண்மக்களைப் பெற்றவர் மூன்று வீடு கட்டவேண்டும். மகளின் வீட்டுக்குக் கல்லும் சீமெந்தும் வாங்கும் பொருட்டு, இக்கரையிலிருந்து மத்திய கிழக்கு நாடுகளுக்குப் பணிப்பெண்களாகச் சென்று பல்லாண்டு உழைத்த தாய்மார் பலர். வீட்டோடு கைக்கூலியாகப் பணமும் கேட்கும் வழக்கத்தை மார்க்க அறிஞரும் சமூகப் பெரியோரும் கண்டித்து வந்துள்ளனர். பெண்ணுக்கு அரணாக அமைந்த வீடு, மாப்பிள்ளை வீட்டார் கேட்கும் விலையாக மாறுமாயின், அதன் பண்பு திரிந்துவிட்டது என்பதே பொருள். ஆயினும் சீதனக் கொடுமையை ஒழிக்க வேண்டும் என்னும் நன்னோக்கில், பெண்ணின் பெயரிலுள்ள வீட்டையும் சேர்த்து ஒழித்துவிட்டால், இழப்பு அவளுக்கே. வீடு அவள் பெயரில் இருப்பது வேறு. அவள் கணவனுக்கு விலை கொடுப்பது வேறு. இவ்வேற்றுமையை உணர்ந்து செய்யும் சீர்திருத்தமே நிலைக்கும்.

அவைத் தலைமையும் இன்று புதிய வழியில் வரத் தொடங்கியுள்ளது. உள்ளூராட்சி மன்றங்களிற் பெண்களுக்கு 25 சதவீத இடம் ஒதுக்கும் சட்டத்தின்படி முதன்முறையாகத் தேர்தல் நடந்தது 2018 பெப்ரவரியில். பள்ளிவாசற் பரிபாலனம் 1956 ஆம் ஆண்டின் வக்பு சட்டத்தின் கீழ் வந்தபின், குடிக்கு ஒரு மரைக்கார் என்னும் முறையும் பல ஊர்களில் தளர்ந்துவிட்டது. இவ்வாறு பழைய குடி தன் பொதுவாழ்வுப் பணிகளை மெல்ல மெல்ல இழந்து வருகின்றது. ஆனால் வீட்டளவில் அது இன்னும் உயிரோடிருக்கின்றது. பெரியநீலாவணையிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும், கலியாணத்துக்கு முன் மகளுக்கு ஒரு வீடு என்னும் எண்ணம் இன்றும் தாய்மாரை இயக்குகின்றது.

ஓர் ஊரிலே தலைமை யாரிடம் உள்ளது என்று அறிய விரும்புவோர், அவையிலே யார் அமர்ந்திருக்கிறார் என்பதை மட்டும் நோக்கினாற் போதாது. அவர் யாருடைய உரிமையால் அங்கே அமர்ந்திருக்கிறார் என்பதையும், மாலையில் அவர் திரும்பிச் செல்லும் வீடு யாருடையது என்பதையும் நோக்குதல் வேண்டும். மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்திலே இவ்விரு வினாக்களுக்கும் நெடுங்காலமாக விடை தாய் என்பதே. காணிப் பதிவேட்டிலும் வீட்டுத்திட்டப் படிவத்திலும் அவ்விடை எழுதப்படுவதற்கு இடம் வைப்பது, இனிவரும் சட்டங்களை வகுப்போரின் கடமையாகும்.